செஞ்சிக்கு ஒன்று, பாம்பனுக்கு வேறொன்று: பழைய பட அஞ்சலட்டைகளில் எதை வாங்கலாம்?

பழைய பட அஞ்சலட்டை சேர்க்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஊட்டி, மவுண்ட் ரோடு, மெரினா என்றுதான் ஆரம்பிப்பார்கள். சந்தையில் அதிகம் புழங்குவதும் அவைதான். வெள்ளைக்காரர்கள் எங்கே தங்கினார்களோ அங்கிருந்துதான் கார்டு எழுதினார்கள். எங்கே கார்டு விற்றதோ அந்த இடத்தைத்தான் பதிப்பாளர்களும் படமெடுத்தார்கள். ஆனால் நகரத்துக்கு வெளியே நிற்கும் சின்னங்களும் கார்டில் ஏறியிருக்கின்றன: செஞ்சிக்கோட்டை, மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில், திருக்கழுக்குன்றத்துக் கழுகுகள், தரங்கம்பாடியின் டேனிஷ் கோட்டை, பாம்பன் பாலம். இவற்றைத் தேடிச் சேர்க்க நினைப்பவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு. வகைகள் பல, விலையில் ஏற்றத்தாழ்வும் பெரிது. எல்லாவற்றையும் வாங்கப் பணம் போதாது. அதனால் எதை முதலில் வாங்குவது, எதை விடுவது என்று தெரிந்துகொண்டு இறங்குவது நல்லது.

நான் வைத்திருக்கும் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னத்தின் கார்டு, அது எந்த இடம், எந்தக் காலம் என்பதைச் சந்தேகமில்லாமல் காட்ட வேண்டும். அழகு, அபூர்வம், பதிப்பாளர் பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்தான். முதலீடாகப் பார்க்கிறவர்கள் வேறு கணக்குப் போடுவார்கள். அவர்களுக்கு இந்தக் கட்டுரை அவ்வளவாக உதவாது.

1914-க்கு முந்தைய அச்சுக் கார்டுகள்

இந்தியாவில் அரசு அஞ்சலட்டை 1879 ஜூலை 1-ல் வந்தது, உள்நாட்டுக்குக் காலணா. படம் போட்ட தனியார் கார்டுகள் 1890-களின் கடைசியில் தலைகாட்டி, 1900-க்குப் பிறகு வெள்ளமாக வந்தன. முதல் உலகப்போர் தொடங்கும்வரை இருந்த அந்தப் பதினைந்து வருஷம்தான் இந்தக் கார்டுகளின் பொற்காலம். மெட்ராஸில் ஹிக்கின்பாதம்ஸ், ஸ்பென்சர்ஸ், வீலே அண்ட் க்ளைன் ஸ்டூடியோ, கொழும்பில் பிளாட்டே, லண்டனில் ரஃபேல் டக் என்று பதிப்பாளர் பெயர்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். படம் எடுத்தது இங்கே என்றாலும், பெரும்பாலான கார்டுகள் அச்சானது ஜெர்மனியில். கார்டின் ஓரத்தில் 'பிரின்டட் இன் சாக்சனி' என்றோ 'ஜெர்மனி' என்றோ பொடி எழுத்தில் இருந்தால், அது போருக்கு முந்தைய கார்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இந்த அச்சுக் கார்டுகளுக்குள்ளேயே மூன்று ரகம் உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் சின்ன லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும், பிரித்துவிடலாம். கொலோடைப் முறையில் அச்சான கார்டில் புள்ளிகள் இருக்காது. மெல்லிய, நெளிநெளியான துகள் படர்ந்த மாதிரி தெரியும். ஹாஃப்டோனில் வரிசையாகப் புள்ளிகள் தெரியும். மூன்றாவது, கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் வண்ணம் ஏற்றிய கார்டு.

சின்னங்களுக்குக் கொலோடைப்தான் சிறந்தது என்பது என் கருத்து. கல்லின் சொரசொரப்பும் நிழலும் அதில் பிசகாமல் விழும். வண்ணம் ஏற்றியதை நான் கடைசியாகத்தான் வைப்பேன். என்னிடம் கடற்கரைக் கோயிலின் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. இரண்டும் ஒரே நெகடிவிலிருந்து வந்தவை. அலை உடையும் இடம்கூட மாறவில்லை. கறுப்பு வெள்ளைக் கார்டில் கோயிலுக்கு முன்னால் மணல், மணலில் பாதி புதைந்த கற்கள், மதிலோரத்தில் குந்தியிருக்கும் ஓர் ஆள். வண்ணக் கார்டில் மணல் பச்சைப் புல்லாகிவிட்டது, கோயில் இளஞ்சிவப்பாகிவிட்டது, ஆள் இருந்த இடத்தில் ஒரு பழுப்புக் கறைதான் இருக்கிறது. வண்ணம் பூசியவர் மாமல்லபுரத்தைப் பார்த்ததே இல்லை என்பது பார்த்தாலே தெரிகிறது. அந்தக் கார்டை மட்டும் வைத்துக்கொண்டு, அந்தக் காலத்தில் கோயிலைச் சுற்றிப் புல்தரை இருந்தது என்று யாராவது எழுதினால் என்ன ஆகும்? இன்று அங்கே நிஜமாகவே புல்தரை இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். சந்தையில் வண்ணக் கார்டுக்குத்தான் விலை கூடுதல். அந்தக் கூடுதல் காசைக் கொடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை.

கறுப்பு வெள்ளைக் கார்டில் இன்னொன்றும் கவனிக்கலாம். கோயில் மதிலை அலை தொட்டுக்கொண்டிருக்கிறது. இன்றைக்குக் கரையில் பாறாங்கற்களைக் கொட்டித் தடுப்பு போட்டிருக்கிறார்கள். அலை கோயிலுக்கு வருவதில்லை. கடல் எந்தக் காலத்தில் எவ்வளவு தூரம் வந்தது என்று காட்ட இந்த மாதிரி ஒரு கார்டு உதவும் அளவுக்குப் பயணக் குறிப்புகள் உதவாது.

அச்சுக் கார்டின் பெரிய பலம் தலைப்பு. இடத்தின் பெயரைப் படத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். பெயரே இல்லாமல் 'கிராமக் கிணறு', 'தென்னிந்தியக் கிராமம்' என்று மட்டும் போட்ட கார்டுகளும் ஏராளம். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் எந்த ஊர்க் கிணறு என்று யாராலும் சொல்ல முடியாது. சின்னங்களைச் சேர்ப்பவர்கள் அவற்றை விட்டுவிடலாம். மனிதர்களைச் சாதிவாரியாக நிற்க வைத்து எடுத்த கார்டுகளையும் நான் வாங்குவதில்லை. அந்தத் தலைப்புகளைப் படித்தாலே மனசு கசந்துவிடும்.

பலவீனம் ஒன்று உண்டு: படம் எடுத்த வருஷமும் கார்டு அச்சான வருஷமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நெகடிவை வைத்துப் பத்து வருஷம்கூடக் கார்டு போட்டிருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் இதைப் பிடிக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. குன்றின் மேலுள்ள ஒலக்கணேசுவரர் கோயிலின் கூரையில்தான் 1887-லிருந்து கலங்கரை விளக்கு எரிந்தது. பக்கத்திலேயே கருங்கல்லில் கட்டிய கோபுரம் 1904-ல் வேலைக்கு வந்தது. குன்றை முழுசாகக் காட்டும் கார்டில் அந்தக் கருங்கல் கோபுரம் இல்லையென்றால், கார்டு 1910-ல் தபாலில் போயிருந்தாலும் படம் 1904-க்கு முந்தையது. எந்தச் சின்னத்துக்கும் இப்படி ஓர் அடையாளம் இருக்கும்: பின்னால் வந்த ஒரு மண்டபம், ஒரு சுவர், ஒரு தந்திக் கம்பம். அதைக் கண்டுபிடித்து வைத்துக்கொள்வது விலைப்பட்டியலைப் படிப்பதைவிட முக்கியம்.

ரியல் போட்டோ

ரியல் போட்டோ கார்டு அச்சானது அல்ல. நெகடிவிலிருந்து நேராகப் போட்டோ காகிதத்தில் கழுவியது. காகிதத்தின் பின்பக்கத்தில் மட்டும் அஞ்சலட்டைக் கோடும் ஸ்டாம்ப் கட்டமும் முன்கூட்டியே அச்சிட்டிருக்கும். கோடக் கம்பெனி 1903-ல் கொண்டுவந்த ஒரு மடக்குக் கேமராவின் நெகடிவ் சரியாக அஞ்சலட்டை அளவில் இருந்தது. அதற்குப் பிறகு ஸ்டூடியோக்காரர்கள் தவிர, கேமரா வைத்திருந்த இன்ஜினீயரும் பாதிரியாரும் கலெக்டர் ஆபீஸ் துரையும்கூடத் தாங்கள் எடுத்த படத்தையே கார்டாகப் போட்டு ஊருக்கு அனுப்ப முடிந்தது.

விவரத்தில் இதை எந்த அச்சுக் கார்டும் எட்ட முடியாது. 1200 டிபிஐ-யில் ஸ்கேன் செய்து பெரிதாக்கினால் மண்டபத்தின் தூண் சிற்பம் தெரியும், சுவரில் ஒட்டிய நோட்டீஸ் தெரியும். ஹாஃப்டோன் கார்டை அதே அளவு பெரிதாக்கினால் கிடைப்பது புள்ளிகள் மட்டும்தான். பதிப்பாளர்கள் சீண்டாத இடங்களும் ரியல் போட்டோவில் அகப்படும்: சாலையோரச் சத்திரம், ஏரி மதகு, கட்டிக்கொண்டிருக்கும் பாலம்.

குறை என்னவென்றால், பாதிக்கு மேல் தலைப்பே இருக்காது. எடுத்தவருக்கு இடம் தெரியும், அனுப்பியவருக்குத் தெரியும், அதனால் எழுதவில்லை. விற்பவர் 'இந்தியா, கோயில்' என்று போட்டிருப்பார். இடத்தை நீங்கள்தான் அடையாளம் காண வேண்டும். தன் வட்டாரத்தை நன்றாகச் சுற்றியவருக்கு இது கஷ்டம் கிடையாது, லாபம்தான்: மலையின் வளைவைப் பார்த்தே செஞ்சியின் ராஜகிரி என்று சொல்லத் தெரிந்தால், பெயரில்லாத கார்டைப் பெயரில்லாத விலைக்கே வாங்கிவிடலாம். புதிதாக வருகிறவருக்கு ரியல் போட்டோ கொஞ்சம் ஆபத்தான இடம்.

ஆபத்து போலிகளாலும் வரும். பழைய படத்தை ஸ்கேன் செய்து இன்க்ஜெட்டில் போட்டுப் பழுப்பேற்றி விற்பது சாதாரணமாக நடக்கிறது. லென்ஸில் பார்த்தால் மைத்துளிகள் காட்டிக்கொடுத்துவிடும். கள்ள நோட்டு பார்க்கிற யூவி லைட் ஒன்று இருந்தால் இன்னும் எளிது. 1950-களுக்கு முந்தைய காகிதம் அந்த வெளிச்சத்தில் மங்கலாகவே கிடக்கும். பிந்தைய காகிதத்தில் வெண்மையூட்டி சேர்த்திருப்பதால் நீலமாகப் பளபளக்கும். உண்மையான பழைய ரியல் போட்டோவைச் சாய்த்துப் பிடித்தால் ஓரத்துக் கறுப்பில் வெள்ளி பூத்திருப்பது பெரும்பாலும் தெரியும். அதைச் சிலர் குறை என்று சொல்லி விலை குறைப்பார்கள். நான் அதை நற்சான்றாகவே எடுத்துக்கொள்வேன்.

சின்னம்தான் வகையைத் தீர்மானிக்க வேண்டும்

இந்த இரண்டில் எது மேல் என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை. எந்தச் சின்னம் என்று முதலில் சொல்லுங்கள், வகை தானாக வந்து நிற்கும்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது திறந்தது 1914 பிப்ரவரி 24. அடுத்த ஆகஸ்டில் போர் தொடங்கிவிட்டது. ஜெர்மனி அச்சு அதோடு நின்றது. அதாவது பாம்பனுக்குப் 'பொற்கால' அச்சுக் கார்டு தேடினால் கிடைக்கக்கூடிய காலமே ஆறு மாதம்தான். பாலம் கட்டும்போது எடுத்த படங்கள் இருக்கலாம், அவை ரியல் போட்டோவாகத்தான் இருக்கும். பிறகு வந்தவை 1920, 30-களின் கார்டுகள். ஆகவே பாம்பனுக்கு ரியல் போட்டோவில் பணம் போடுவதுதான் சரி. அந்தப் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயில் நின்று, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப்பாலம் திறந்தாகிவிட்டது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கையால் நெம்பித் தூக்கிய பழைய தூக்குப் பகுதி கார்டில் எவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்தக் கார்டு முக்கியமாகும். எட்டத்திலிருந்து எடுத்த, நீளமான ஒரு கோடு மட்டும் தெரிகிற படத்துக்கு அதிகம் கொடுக்க வேண்டாம்.

திருக்கழுக்குன்றம் இதற்கு நேர் எதிர். உச்சிவேளையில் மலை மேல் பாறையில் இரண்டு கழுகுகள் வந்து பொங்கல் சாப்பிட்டுப் போகும் காட்சி அந்தக் காலத்துப் பயணிகளுக்குப் பெரிய அதிசயம். அதனால் அச்சுக் கார்டுகள் வெவ்வேறு பதிப்பாளர்களிடமிருந்து வந்தன. 1990-களுக்குப் பிறகு கழுகுகள் வருவதில்லை. அந்தக் காட்சி இனி கார்டில்தான். தேர்ந்தெடுக்க வாய்ப்பிருப்பதால் அவசரப்படாமல், பறவையும் அர்ச்சகரும் கிண்ணமும் மூன்றும் தெளிவாக விழுந்த கொலோடைப்புக்காகக் காத்திருக்கலாம்.

செஞ்சிக்கு வழி வேறு. 1750-லிருந்து 1761 வரை கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது; பக்கத்தில் புதுச்சேரி. ஆகவே பிரெஞ்சுத் தலைப்புடன் வந்த கார்டுகளையும் தேட வேண்டும். புதுச்சேரி, காரைக்கால் பகுதிக் கார்டுகளும், மதுரை மிஷனைச் சேர்ந்த பிரெஞ்சு இயேசு சபையார் தங்கள் நாட்டில் நன்கொடை திரட்டுவதற்காகப் போட்ட கார்டுகளும் இன்றைக்கும் பிரான்சில்தான் அதிகம் புழங்குகின்றன. ஊர்ப்புறத்தைப் பற்றிக் கேட்டால், இந்த மிஷன் கார்டுகளுக்கு ஈடு கிடையாது. ஆங்கிலப் பதிப்பாளர்கள் ரயில் நிலையத்திலிருந்து வண்டி கட்டிப் போகக்கூடிய தூரத்தோடு நின்றுகொண்டார்கள். பாதிரியார்களோ மாட்டுவண்டியில் குக்கிராமம்வரை போனார்கள். ஓலைக்கூரைக் கோயிலையும் ஆற்றைக் கடக்கும் பரிசலையும் எடுத்தார்கள். தலைப்பிலும் ஊர்ப்பெயர் இருக்கும். விலை இன்னும் ஏறவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் தேடுகிறவர்கள் கண்ணில் இவை படுவதே இல்லை. செஞ்சி, மராட்டியர் கோட்டைகளில் ஒன்றாக 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதன் கார்டுகள் இனி மலிவாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. செஞ்சிதான் உங்கள் இடம் என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

தரங்கம்பாடியில் போட்டி வெளியிலிருந்து வரும். 1620-ல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை 1845 வரை டேனிஷ்காரர்களிடம் இருந்தது. லூத்தரன் மிஷனின் தொடக்க இடமும் அதுதான். அதனால் டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் இதைத் தேடுகிறவர்கள் உண்டு. கோட்டையின் கார்டுக்கு அவர்களோடு ஏலத்தில் மல்லுக்கட்டுவதைவிட, 1306-ல் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் படத்தைத் தேடலாம். அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது; பழைய படத்தில் எந்த மதில்வரை இருக்கிறது என்பதுதான் அங்கே விஷயம். வெளிநாட்டவர் அதை அவ்வளவாகக் கேட்பதில்லை.

1960, 70-களின் கலர் கார்டுகள்

பெரிய சேகரிப்பாளர்கள் இவற்றைத் திரும்பியும் பார்ப்பதில்லை. கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் செட்டாக விற்ற, பளபளப்பான கார்டுகள். எந்த வருஷம் என்று போட்டிருக்காது, ஒரே படத்தை வருஷக்கணக்காக ஓட்டியிருப்பார்கள், அச்சும் பல நேரம் சுமார்தான். வெயில் படும்படி கடையில் தொங்கியவை சிவப்பும் மஞ்சளும் போய் நீலம் பாரித்திருக்கும்.

ஆனாலும் சொல்கிறேன், குறைந்த காசில் தொடங்குகிறவருக்கு இது நல்ல இடம். டிக்கெட் கவுன்டரும் கம்பிவேலியும் வருவதற்கு முன், ஐந்து ரதங்களின் மேல் பிள்ளைகள் ஏறி விளையாடிக்கொண்டிருந்த காலத்தின் படங்கள் இவற்றில்தான் இருக்கின்றன. பழைய கார்டுக்கும் இன்றைய மொபைல் போட்டோவுக்கும் நடுவில் ஐம்பது வருஷ இடைவெளி இருக்கிறதே, அதை நிரப்ப வேறு எதுவும் இல்லை. பத்து ரூபாய்க்கும் இருபது ரூபாய்க்கும் கிடைக்கும்போது எடுத்து வைத்துவிட வேண்டும். படத்தில் ஒரு பேருந்தோ காரோ இருந்தால் இன்னும் நல்லது. வண்டி மாடலை வைத்துக் காலத்தைக் கிட்டத்தட்டச் சொல்லிவிடலாம்.

தபாலில் போன கார்டா, எழுதாத கார்டா?

இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை: தபாலில் போன கார்டு.

எழுதாத கார்டு சுத்தமாக இருக்கும், முனை மடங்கியிருக்காது, ஆல்பத்தில் வைத்தால் கண்ணுக்கு அழகு. விலையும் பல நேரம் அதற்கே அதிகம். ஆனால் அது எந்த வருஷத்தையும் உறுதியாகச் சொல்லாது. தபால் முத்திரையில் தேதி படிக்கும்படி இருந்தால், படம் அந்தத் தேதிக்கு முன்னால் எடுத்தது என்பது நிச்சயம். முத்திரை மங்கியிருந்தாலும் ஸ்டாம்ப் பேசும். ஏழாம் எட்வர்ட் தலை என்றால் 1902-க்குப் பிறகு. அதே தலையோடு 'போஸ்டேஜ் அண்ட் ரெவின்யூ' என்று இருந்தால் 1906-க்குப் பிறகு. ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1911 முதல். உள்நாட்டுக்குக் காலணா ஒட்டிப் போயிருந்தால் 1922-க்கு முந்தையது, அந்த வருஷம்தான் அரையணா ஆக்கினார்கள். பின்பக்கம் நடுவில் கோடு இல்லாமல் முழுவதும் விலாசத்துக்கே விட்டிருந்தால் அது ஆரம்பகாலக் கார்டு; கோடு போட்டு ஒரு பக்கம் செய்தி எழுத பிரிட்டன் 1902-ல் அனுமதித்தது, ஜெர்மனி 1905-ல்.

முத்திரையில் சின்னம் இருக்கும் ஊரின் பெயரையே எதிர்பார்க்க வேண்டாம். மாமல்லபுரம் கார்டை மெட்ராஸில் வாங்கி, கொழும்பில் இறங்கியபோது தபாலில் போட்டிருப்பார்கள். கப்பலிலேயே இயங்கிய கடல் தபால் நிலைய முத்திரையோடும் வரும். ஊர்ப் பெயரோடு, அதுவும் சின்னத் தபால் நிலையங்களுக்குத் தந்த 'எக்ஸ்பெரிமென்டல் பி.ஓ.' முத்திரையோடு ஒன்று அகப்பட்டால் விடாதீர்கள். ஆனால் அதற்கு முத்திரை சேகரிப்பாளர்களும் வரிசையில் நிற்பார்கள்; விலை படத்துக்கு இல்லை, முத்திரைக்கு.

அப்புறம் செய்தி. பத்தில் எட்டு கார்டில் 'நலம், வெயில் தாங்கவில்லை' என்பதோடு சரி. மிச்சத்தில்தான் புதையல். என்னிடம் இருக்கும் ஐந்து ரதக் கார்டு ஒன்றில், எழுதியவர் மெட்ராஸிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாயில் ராத்திரி முழுக்கப் படகில் வந்ததையும், விடிகாலையில் மணலில் நடந்து ரதங்களைப் பார்க்கப் போனதையும் நாலு வரியில் சொல்லியிருக்கிறார். சாலை சரியில்லாத அந்தக் காலத்தில் மாமல்லபுரத்துக்குப் பலரும் போன வழி அதுதான். முன்பக்கம் கோயிலைக் காட்டுகிறது. அந்தக் கோயிலுக்கு எப்படிப் போனார்கள் என்பது பின்பக்கத்தில் இருக்கிறது. முனை மடங்கிய கார்டு என்று விற்பவர் பாதி விலை சொன்னது என் அதிர்ஷ்டம்.

ஸ்டாம்பைப் பிய்த்தெடுத்த கார்டுகள் நிறைய வரும். தேதியும் போய்ப் படமும் கிழிந்திருந்தால் விட்டுவிடலாம். படம் அபூர்வமாக இருந்தால் மட்டும் கால் விலைக்குக் கேளுங்கள்.

எங்கே வாங்குவது?

இணையத்தில் ஈபே, டெல்காம்ப் இரண்டிலும் சரக்கு அதிகம். கார்டுகள் அனுப்பப்பட்டது இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும். ஆகவே நம் ஊர்ப் படம் அவர்கள் ஊர்ப் பரணில்தான் கிடக்கிறது. பிரெஞ்சுக் கார்டுகளுக்கு டெல்காம்ப் நல்லது. தேடும்போது இன்றைய பெயரைப் போட்டால் பாதி தப்பிவிடும்: 'செவன் பகோடாஸ்' (மாமல்லபுரம்), 'டிரான்குபார்' (தரங்கம்பாடி), 'டின்னவெல்லி' (திருநெல்வேலி), 'காஞ்சீவரம்', 'டிரிச்சினாபொலி' என்று கார்டில் அச்சான பழைய எழுத்துக்கூட்டலையே போட்டுப் பாருங்கள். கார்டு விலையைவிடத் தபால் செலவு அதிகமாகிவிடும், சில நேரம் சுங்கவரியும் சேரும். அதனால் ஒரே விற்பனையாளரிடம் நாலைந்தாகச் சேர்த்து எடுப்பதுதான் கட்டுபடியாகும். இருபது முப்பது கார்டை மொத்தமாகப் போடும் லாட்டில் ஒன்றிரண்டுதான் நமக்கு வேண்டியதாக இருக்கும். மற்றதை மாற்றிக்கொள்ள நண்பர்கள் இருந்தால் மட்டும் லாட்டுக்குப் போகலாம்.

உள்ளூரில் ஸ்டாம்ப்-நாணயக் கண்காட்சிகள்தான் முக்கியம். சென்னை, கோவை, மதுரையில் நடக்கின்றன. சரக்கு குறைவு, ஆனால் கையில் எடுத்து லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். ரியல் போட்டோ வாங்குவதாக இருந்தால் முதலில் இங்கேதான் பழக வேண்டும். விற்பவரிடம் உங்கள் ஊர்ப்பெயர்களைச் சொல்லி வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த தடவை உறையில் போட்டு எடுத்து வைத்திருப்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளிலும் காகிதச் சாமான்களைக் கிளறிப் பார்க்கலாம். பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் செய்த குடும்பங்களின் பெட்டிகளோடு கார்டுகளும் வருவதுண்டு. ஆனால் அவற்றில் ரங்கூனும் பினாங்கும் இருக்கும், செஞ்சி இருக்காது.

ஒரிஜினல் எதற்கு, ஸ்கேன் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள மட்டும் என்றால் போதும்தான். ஆனால் இணையத்தில் ஏற்றியிருக்கும் படங்களில் பெரும்பாலும் முன்பக்கம் மட்டும், அதுவும் சின்ன அளவில் இருக்கும். பின்பக்கத்தைக் காட்டாத ஸ்கேனில் தேதியும் இல்லை, பதிப்பாளரும் இல்லை. வாங்குவதற்கு முன் ஒப்பிட்டுப் பார்க்க ஸ்கேன்களைச் சேர்த்து வையுங்கள், அதற்கு அவை அருமை.

எப்படித் தொடங்குவது

பதிப்பாளர் வாரியாக, அதாவது ஹிக்கின்பாதம்ஸ் வரிசை முழுவதும், டக்கின் 'ஆயிலெட்' வரிசை முழுவதும் என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். அது முடிவில்லாத செலவு. அந்த வரிசையில் முக்கால்வாசி ஊட்டியும் மெட்ராஸும்தான் என்பதால் ஊர்ப்புறச் சின்னங்களுக்கு அது பொருந்தாது. கோட்டைகள் மட்டும், பாலங்கள் மட்டும் என்று பொருள் வாரியாகப் போவது நடுத்தரம். நான் சொல்வது, நீங்கள் அடிக்கடி போய்வரக்கூடிய ஒரு வட்டாரம். செங்கல்பட்டுக்காரர் மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், சதுரங்கப்பட்டினம் என்று எடுக்கலாம், மயிலாடுதுறைக்காரருக்குத் தரங்கம்பாடி, திண்டிவனத்துக்காரருக்குச் செஞ்சி. கார்டை (அல்லது அதன் நகலை) எடுத்துக்கொண்டு போய், படமெடுத்தவர் நின்ற அதே இடத்தில் நின்று பார்க்க முடிய வேண்டும். அப்படி நின்று பார்த்தால்தான் எந்த மண்டபம் இல்லாமல் போயிருக்கிறது, எந்தச் சுவர் புதிது என்று பிடிபடும்.

கையில் ஐயாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பெரும்பகுதியை உங்கள் வட்டாரத்தின், 1914-க்கு முந்தைய, தபாலில் போன, கறுப்பு வெள்ளை அச்சுக் கார்டுகள் இரண்டு மூன்றுக்குக் கொடுங்கள். கொஞ்சத்தைக் கலர் கார்டுகளுக்கு. ஒரு பிரெஞ்சு மிஷன் கார்டு அகப்பட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள். ரியல் போட்டோவுக்கு ஒரு வருஷம் பொறுங்கள், பாம்பன்காரராக இருந்தால் தவிர.

மிச்சம் வைக்க வேண்டியது உறைக்கு. பாலியெஸ்டர் உறை கேட்டு வாங்குங்கள். கடைகளில் கிடைக்கும் மெத்தென்ற பிவிசி உறை நாளாவட்டத்தில் பிசுபிசுத்துப் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். பசைப்பக்கம் உள்ள போட்டோ ஆல்பமும் வேண்டாம். நம் கடலோர ஊர்களின் ஈரத்துக்குப் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, அதை அவ்வப்போது மாற்ற வேண்டும். ராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒரு முறையாவது பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். விலை, வாங்கிய இடம், நீங்கள் கண்டுபிடித்த தேதி எல்லாவற்றையும் தனித்தாளில் பென்சிலால் எழுதி உறைக்குள் கார்டுக்குப் பின்னால் வையுங்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று யாராவது லேமினேஷன் செய்யச் சொன்னால் கேட்காதீர்கள். சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைக் கார்டு கிழியாமல் திரும்பப் பிரிக்க முடியாது.